கண்ணால் பார்த்தது

"ஏர் ஃப்ரையர்ல சுட்ட கோதுமை ரொட்டி. சர்க்கரை இல்ல, வெண்ணெய் இல்ல. வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க!" மனைவி தட்டை நகர்த்தினாள்.

ஒரு மாதமாகப் பெரியவருக்கு இந்தச் சிறைச்சோறுதான். வெளியே திருட்டுத்தனமாகத் தின்னலாமென்றால், மகன் நிழலாகக் கூடவே வந்தான்.

"ஏண்டி, ஒரு நாளைக்காவது மெத்துனு கடை ரொட்டி தரக் கூடாதா? ஊரே வாங்கித் திங்குது."

"ஊருக்குத் தெரியாது, திங்குது. அந்த மாவுல என்னென்னத்தைக் கொட்டுறாங்கன்னு நான் கண்ணால பார்த்தேன்."

"கதை விடாதே. எங்கே பார்த்தே? எவன் கொட்டுனான்?"

"போன மாசம் சாவி கொடுக்க நம்ம பேக்கரிக்கு வந்தேனே, அப்பதான். நீங்கதான் கொட்டிட்டிருந்தீங்க."

பெரியவர் ரொட்டியை டீயில் நனைத்து விழுங்கிவிட்டு, கடையைத் திறக்கக் கிளம்பினார்.