நேராகப் பறந்தால் நாலரை மணி நேரம்

நேராகப் பறந்தால் நாலரை மணி நேரம். தம்பி அப்பாவைப் பதினாலு மணி நேரம் சுற்றவிட்டு அழைத்து வந்துகொண்டிருந்தான்.

விமான நிலைய வாசலில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் பல் டாக்டர். பல்லைக் கடிக்காதீங்க என்று தினமும் நாலு பேருக்காவது சொல்கிறவள்.

"இதே ஆசியாவுல இருக்கிற ரெண்டு ஊர்தாங்க. மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அதுக்கு நடுவுல எங்கேயோ இறக்கி, ஆறு மணி நேரம் உட்கார வச்சு... வயசான மனுஷனை இப்படியா படுத்துவான்?" என்று போனில் கணவரிடம் பொரிந்து தள்ளினாள்.

"உன் தம்பிகிட்டயே கேட்க வேண்டியதுதானே?"

"அவன் போன் காலையிலேர்ந்து சுவிட்ச் ஆஃப். நான் திட்டுவேன்னு அணைச்சு வச்சிருக்கான்."

கண்ணாடிக் கதவு திறந்தது. அப்பா தெம்பாக முன்னால் வந்தார். இனிமேல் அவர் மகளோடுதான். பின்னால் தம்பி பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஏண்டா, நேர் பிளைட் ஒண்ணு இருக்கிறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

தம்பி அசடு வழிந்தான். "இது கொஞ்சம் சல்லிசா கிடைச்சதுக்கா."

"கஞ்சப் பிசினாறி. ஏழு வருஷம் உன் வீட்டுல இருந்தவரைக் கொண்டு வந்து விடற லட்சணமா இது? நீ திரும்பிப் போறதும் இதே சுத்துவழிதானா?"

"இல்லக்கா, நேர் பிளைட். இன்னும் ரெண்டு மணி நேரத்துல. நாளைக்கு ஆபீஸ் இருக்கே."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனக்கு என்றால் மட்டும் நேர் வழி.

"அக்கா, சார்ஜர் வச்சிருக்கியா? என்னோடதை எங்கேயோ தொலைச்சுட்டேன்."

"இல்லை. இருந்தாலும் தர மாட்டேன்."

தம்பி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "வர்றேம்பா" என்று சொல்லியும் கையை விடவில்லை. நடிப்பைப் பாரு, என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

கார் கிளம்பியது.

"கால் வலிக்குதாப்பா? அவனை நான் சும்மா விடப்போறதில்லை."

"அவனை விடும்மா. சுத்துவழியில டிக்கெட் போடச் சொன்னதே நான்தான். கால் மரத்துப்போகும், நடுவுல இறங்கி நடக்கணும்னு சொன்னேன். அக்கா பயந்துடுவா, அவகிட்ட மூச்சு விடாதேன்னும் சொல்லி வச்சேன். பாவம், பழியை அவன் தலையில போட்டுக்கிட்டான்."

"உங்க காலுக்கு என்னப்பா?"

"காலுக்கு ஒரு கேடும் இல்லை. நாலரை மணி நேரம்னா, அவன் போன்லேர்ந்து தலையைத் தூக்கறதுக்குள்ள ஊர் வந்துடும். ஒரே வீட்டுல இருந்தும் ஏழு வருஷமா அவன் உச்சந்தலையைத்தாம்மா பார்த்துக்கிட்டிருந்தேன்."

"பதினாலு மணி நேரம்னா மட்டும் தூக்கிடுவானா?"

"நடுவுல உட்கார்ந்த இடத்துல போன் அணைஞ்சு போச்சு. அப்புறம் பேசினான் பாரு. சின்னப் பிள்ளையில பேசின மாதிரி, வாயே மூடலை. எனக்கு அது போதும்."

சிக்னலில் அக்கா வண்டியை நிறுத்தினாள்.

அப்பா பேன்ட் பாக்கெட்டுக்குள் கைவிட்டு, வயர் சுற்றிய சார்ஜர் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதை அவனுக்குக் கூரியர்ல அனுப்பிடும்மா. அவசரமில்லை, சுத்துவழியிலேயே போகட்டும்."