குறையாத பீப்பாய்

என் கணவருக்குத் திராட்சை மது செய்வதுதான் உயிர். பீப்பாய்தான் மூத்த தாரம், நான் இளையாள் என்று கொழுந்தனார் கேலி செய்வார். மகளின் கல்யாணத்தன்றுகூட என் கணவர் ஊதாக் கறை படிந்த விரல்களோடுதான் வந்து நின்றார். பீப்பாயில் மது ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். வாராவாரம் ஊற்றி நிரப்பாவிட்டால் புளித்துக் காடியாகிவிடும்.

அவர் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கிடங்கைப் பூட்டிச் சாவியை அலமாரியில் வைத்தேன். பறிக்க ஆளில்லாமல் அந்த வருடத்துத் திராட்சையைப் பறவைகள் தின்று தீர்த்தன.

மழைக்காலம் முடிந்ததும், இருப்பதை விற்றுவிடலாம் என்று கொழுந்தனார் வந்தார். கிடங்கைத் திறந்தோம். பீப்பாயின் அடைப்பைக் கழற்றியதும் மது வழிந்து அவர் காலை நனைத்தது.

“யாரு அண்ணி நிரப்பினது?”

“யாரும் உள்ள வரலையே.”

அண்ணனோடு சேர்ந்து சுவைத்துப் பழகியவர் அவர். ஒரு வாய் குடித்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“இது பழசு இல்ல அண்ணி. இந்த வருஷத்துத் திராட்சை.”

“அப்ப விக்க வேணாம். உங்க அண்ணனுக்கு இன்னும் வேலை முடியல போல.”

கோப்பையை வாங்கி நானும் குடித்தேன். உயிரோடு இருந்தவரை இவ்வளவு நன்றாக அவர் செய்ததே இல்லை.