கெளுத்திக்கு வைத்தியம்

பாலித்தீன் பைக்குள் மீசை கரைந்து துவண்டு கிடந்த குட்டிக் கெளுத்தியைப் பார்த்ததுமே சுமையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏற்காடு கடைவீதியில் வண்ணமீன் கடை வைத்திருப்பவள் அவள்.

“மீசை கரையுதுன்னு உப்பக் கொட்டுனீங்களா?”

“போன்ல போட்டிருந்துச்சுங்க. நீல மருந்தும் ஊத்துனேன்,” என்றார் வந்தவர்.

“தண்ணி மாத்தி எத்தன நாளாச்சு?”

“ஒரு மாசமிருக்கும்.”

“ஏனுங்க, அடியில தீனி அழுகிக் கெடந்தா மீசை கரையாதா? கெளுத்தி இத்தன உப்பத் தாங்காதுங்க. என்ன நோவுன்னே தெரியாம, போனப் பாத்து நீங்களா வைத்தியம் பண்றதா இருந்தா, எங்கிட்ட எதுக்கு வர்றீங்க?”

சுமையாவுக்கு ஆறவில்லை.

“போன வாரம் காய்ச்சலுக்கு நானா மாத்திரை போட்டுட்டு உங்க கிளினிக்குக்கு வந்தப்ப, அத்தன பேரு முன்னால இதே வார்த்தையத்தானே கேட்டீங்க, டாக்டர்?”