இடது காது

ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசைமேல் மல்லாத்தி வைத்திருந்தார்கள்.

சுற்றி நான்கு பேர். அருங்காட்சியக இயக்குநர், அவருடைய குமாஸ்தா, ஓவியத்தைக் காட்சிக்கு இரவல் கொடுத்திருந்த பணக்காரர், அதைப் பரிசோதிக்க வந்த நிபுணர் அம்மா.

ஐந்தாவது ஆள் நான். கணக்கில் வராதவன். இரவுக் காவல். வேலை முடிந்து ஒரு மணி நேரமாகியும் வீட்டுக்குப் போகாமல் கதவை ஒட்டி நின்றிருந்தேன். என்னைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஆறு வருடம் கதவோடு கதவாக நின்றால் அப்படித்தான்.

போலி என்று வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஓவியத்தில் ஒரு பெண். வெள்ளைத் தலைத்துணி, பழுப்பு உடை, கையில் ஒரு மண்பாத்திரம். சட்டத்தின் அடியில் பித்தளைத் தகடு. அதில் முன்னூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஓவியர் ஒருவரின் பெயர். அந்தப் பெயருக்காக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காட்டினார்கள். பத்தாவதோடு படிப்பை விட்ட எனக்கே அந்தத் தகடு மனப்பாடம்.

போன மாதம் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ‘தலைத்துணியின் வெள்ளையைச் சோதிக்கவும்.’ ஒரே வரி. இயக்குநர் கிழித்துப் போட்டிருப்பார். அதற்குள் குமாஸ்தா அதற்கு எண் போட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டார். அவர் கோப்பில் ஏற்றியதை யாராலும் இறக்க முடியாது.

நிபுணர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்த வெள்ளையைக் கண்டுபிடிச்சே நூறு வருஷந்தான் சார் ஆகுது.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அதோடு விடவில்லை. மேலே தெரிகிற வெடிப்பெல்லாம் அடுப்புச் சூட்டில் வரவழைத்தது என்றார். ஆனாலும் வரைந்த கை சாதாரணக் கை இல்லை என்றார். பிறகு பென்சில் முனையால் அந்தப் பெண்ணின் இடது காதைக் காட்டினார். காதின் அடி மடல் கிழிந்து, இரண்டாகவே ஆறிப்போயிருந்தது. அந்தப் பழைய ஓவியர் வரைந்த ஒருத்திக்கும் இப்படி ஒரு குறை கிடையாதாம். இவ்வளவு கவனமாக ஏமாற்றத் தெரிந்தவன் இதை ஏன் வரைந்து மாட்டிக்கொண்டான் என்றுதான் புரியவில்லை என்றார்.

பணக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. அவருடைய அப்பா வாங்கி வந்த ஓவியம். தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றார். இங்கே போட முடியாது, நீங்களே கொண்டுபோங்கள் என்றார் இயக்குநர். செத்த எலியைப் பார்ப்பதுபோல் இருவரும் அதைப் பார்த்தார்கள்.

நான் கதவை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தேன்.

நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டேன்.

பணக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

“எடுத்துக்கோய்யா. செவுத்துல மாட்டிக்கோ. யாருய்யா இந்தப் பொம்பளைன்னு வர்றவன் கேட்டா என்ன சொல்லுவே?”

“எங்கம்மான்னு சொல்லிக்கிறேன் சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநர்கூட. அம்மாவின் வயதை முன்னூற்றைம்பது என்று எழுதிக்கொள்ளவா என்று கேட்டுக் குமாஸ்தா இன்னொரு சிரிப்பை வாங்கினார்.

பிறகு காகிதம் எழுதினார். பணக்காரர் கையெழுத்துப் போட்டார். யாரும் மறுபடி விற்க முடியாதபடி ஓவியத்தின் பின்புறம் ‘போலி’ என்று சிவப்பு முத்திரை. ஒன்றுக்கு மூன்றாகக் குத்தினார் குமாஸ்தா.

குத்தட்டும்.

நிபுணர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஓவியத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஓவியத்தைப் பார்த்தார். பார்ப்பதுதான் அவருக்கு வேலை. அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, ‘முகம்: கற்பனை’ என்ற வரியை ஒரே கோடாக அடித்தார். அடித்த இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. மேசைமேல் விரித்திருந்த துணியை உருவி, சுற்றிக்கொண்டு போங்கள் என்று கொடுத்தார்.

பேருந்தில் ஜன்னலோரம் ஓர் இடம்தான் காலியாக இருந்தது. ஓவியத்தை அதில் உட்கார வைத்துவிட்டு நான் நின்றுகொண்டே போனேன்.

வீட்டில் அவளுக்கு வேறு படம் கிடையாது. கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் ஆணி எப்போதோ அடித்தாயிற்று.

அப்பா காலமெல்லாம் பொய்யாக வரைந்தவர். அவர் இருந்தவரை என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. சாவதற்கு முந்தின வாரம் அவராகவே அந்த வெள்ளையைப் பற்றிச் சொன்னார். எழுதிப் போடு என்றார்.

காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அவளுடைய கம்மலை நான் பிடித்து இழுத்தபோது எனக்கு ஒன்றரை வயது.