சொர்ணவல்லி பெண் பார்த்தாள்

டாக்டர்கள் கைவிரித்த பிறகு, தன் கடைசி நாட்களுக்கென்று ஓர் இல்லம் தேடி, சொர்ணவல்லி பட்டுப்புடவை கட்டி, தம்பி குடும்பத்தோடு வேனில் கிளம்பினாள். பெண் பார்க்கப் போகிற தோரணைதான். முதல் இல்லத்தில் தரை பளபளத்தது, யாரும் சத்தமாகப் பேசவில்லை, எழுந்து வந்துவிட்டாள். இரண்டாவதில், வார்டில் ஒரு காலிக் கட்டிலருகே உட்காரவைத்தார்கள். தட்டில் டீ கொண்டுவந்த நர்ஸ் ஜெனிட்டாவை ஏற இறங்கப் பார்த்தாள். "பாடத் தெரியுமா?" ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டு பாடினாள். ஒரே அபசுரம். பக்கத்துக் கட்டிலில் ஈர்க்குச்சியாய்க் கிடந்தவர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "சிஸ்டர், இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு பாக்கோம். பாடியே கொன்னுராதீங்க!" வார்டே சிரித்தது; ஜெனிட்டாவுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தம்பி பழக்கதோஷத்தில் எழுந்து கும்பிட்டான். "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்." ஜெனிட்டாவின் முகம் வாடியது. அப்படிச் சொல்லிவிட்டுப் போன எந்த மாப்பிள்ளை வீட்டாரும் சொர்ணவல்லிக்குச் சொல்லி அனுப்பியதில்லை. அவள் செருப்பைக் கழற்றி, காலிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "போறவங்க போங்க. எனக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு."