முழுக்கை ஜாக்கெட்

"இங்கிலீஷ்ல, யார் செஞ்சாங்களோ அவங்களுக்கு முன்னாடி 'பை' போடணும். எங்க, சொல்லு!" என்றான் தயாளன்.

"திஸ் கேக் வாஸ் மேட்... மீ," என்றாள் அவன் மனைவி ரஞ்சிதம்.

"'பை' எங்கடி போச்சு? உங்கப்பன் கூட சுரங்க ஷாஃப்டுல இறங்கிடுச்சா?"

டில்லியிலிருந்து வந்த புது அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு காப்பி சாப்பிட வருகிறார். அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டால் தயாளனுக்கு சூப்பர்வைசர் பதவி நிச்சயம்.

"பை மீ," என்று திருத்திக்கொண்டாள் ரஞ்சிதம். "வேற ஆம்பள யாராவது செஞ்சிருந்தா இன்னாங்க சொல்றது?"

"பை ஹிம். உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

ஞாயிறு காலையில், "முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கோ. அதான் கௌரவம்," என்றான். மேஜைமேல் கிடந்த மர ஸ்கேலை பீரோவுக்குப் பின்னால் செருகினான்.

விருந்தாளிகள் வந்தார்கள். கேக் யார் செய்தது என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மேட் பை மீ, மேடம்."

அந்த அம்மாள் ஜன்னல் திரையைக் காட்டினாள்.

"ஸ்டிச்ட் பை மீ, மேடம்."

தயாளனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் தானே கற்றுக்கொடுத்ததாகப் பீற்றிக்கொண்டான்.

ரஞ்சிதம் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் நீட்டி, ஜாக்கெட்டின் கைப்பகுதியை முழங்கைவரை மெல்லச் சுருட்டினாள். ஸ்கேல் அடித்த தடங்கள் வரிவரியாகக் கன்றிப்போயிருந்தன.

அந்த அம்மாள் பதறி எழுந்தாள். "ஹூ டிட் திஸ்?"

ரஞ்சிதம் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை அவள் எதையும் மறக்கவில்லை.

"பை ஹிம், மேடம்."