வாயில்லாத ஆண்

ஆடலூர்க் காப்பித் தோட்டக்காரர் இப்ராம்சா, நாள்தோறும் எண்ணெய்த் துணியால் சிறகுப் பூச்சிகளை ஒற்றியெடுத்து அழிக்கும் வழக்கமுடையவர். ஆயினும் பிஞ்சுகள் உதிர்ந்தவண்ணம் உள்ளன. இப்போது அவர் மிஷன் பள்ளியின் சன்னலோரம், மூடுபனி வடிகட்டிய வெளிச்சத்தில், நுண்ணோக்கியில் ஒற்றைக் கண்ணைப் பதித்திருக்கிறார். பித்தளைக் குழாய் புருவத்தில் குளிர்கிறது. அந்தப் பூச்சியின் கருக்களிலிருந்து எடுத்துச் சாயமேற்றிய இரு உயிரணுக்கள் தெரிகின்றன: ஒன்றில் குரோமோசோம் இழைகள் யாவும் விரிந்திருக்கின்றன, மற்றதில் பாதி சுருண்டு கறுத்திருக்கின்றன. “சுருண்டது ஆணுங்க. வளர்ந்தா றெக்கை முளைக்கும், வாய் மட்டும் இருக்காது,” என்கிறார் ஆசிரியை புஷ்பமேரி. “வாயில்லாத ஆம்பளையா? எங்க வீட்ல வந்து பாருங்க டீச்சரம்மா!” சிரித்தவர் சட்டென்று நிமிர்கிறார். “அப்ப சாறு குடிக்கிறது யாருங்க?” “பொண்ணுதான். காம்புல வெள்ளை மாவாட்டம் ஒட்டிக் கெடக்குதுல்ல, அதுதான்.” “அதைப் பூஞ்சணம்னுல்ல விட்டுட்டேன்!” பனி சன்னலில் உரசி நகர்கிறது. இப்ராம்சா மீண்டும் குனிந்து, விரிந்த இழைகளை நெடுநேரம் பார்க்கிறார். “நாளைக்கு வெள்ளனே காம்பெல்லாம் தேய்ச்சுக் கழுவிர்றேன்,” என்கிறார் மெல்ல.